துரு தின்னும் பிரேக்குக் குழாய்

அமெரிக்க நாட்டு மோட்டார்த் தொழிலின் தாயகம் என்று பெயர்பெற்ற நகரம் டெட்ராய்ட். அந்நகரத்துத் தெருக்களுக்கு அடியில், ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில், பெரியதோர் உப்புச் சுரங்கம் இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டப்பெற்றது அது. அங்கே வெட்டியெடுக்கும் கல்லுப்பு சமையலறைக்குச் செல்வதன்று. பனிக்காலத்தில் சாலைகளில் தூவுவதற்கே செல்கின்றது. கார்களைச் செய்த ஊரின் காலடியிலேயே அக்கார்களைத் தின்னும் பொருளும் கிடப்பது வியப்பன்றோ? உப்பு காரின் மேனியை அரிப்பதை எவரும் கண்ணால் காணலாம். கதவின் அடியில் ஓட்டை விழுந்தால் உரியவர் வருந்துவார்; கையில் பணமிருந்தால் தகடு வைத்துப் பற்றவைப்பார். கண்ணுக்குப் புலனாகாத ஓரிடத்தில் அவ்வுப்பு செய்யும் வேலையைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றேன். அவ்விடம் பிரேக்குக் குழாய்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பிரேக்குக் குழாய்க்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் நெட்டுருச் செய்து ஒப்பித்த பாசுக்கல் விதி, வகுப்பறைக்கு வெளியே நாள்தோறும் உயிர்காக்கும் இடம் இதுவே. பிரெஞ்சு அறிஞர் பிளேய்சு பாசுக்கல் (1623–1662) கண்டுரைத்த உண்மை எளியது. மூடிய கலத்துள் அடைபட்ட நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் சற்றும் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அது. இதனைக் காட்டத் தோட்டப் பள்ளியில் கருவி இல்லையென்று குறைப்பட வேண்டுவதில்லை. மருந்து ஏற்றும் ஊசிக்குழல் இரண்டு போதும். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. ஊசியை நீக்கிவிட்டு, ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாயால் இரண்டையும் இணைத்து, உள்ளே குமிழியின்றி நீர் நிரப்புக. சிறியதன் தண்டை இளைத்த பிள்ளை ஒருவன் அழுத்தட்டும். பெரியதன் தண்டை வகுப்பிலேயே வலியவன் பிடித்து நிறுத்தட்டும். வலியவன் தோற்பான். அடுத்து, குழாயில் குண்டூசியால் ஒரு துளையிட்டுவிட்டு மறுபடியும் அழுத்தச் சொல்லுங்கள். நீர் பீறிட்டு மேசையை நனைக்கும். பெரிய தண்டு அசையாது கிடக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். கார் ஓடும்போது இது நேர்ந்தால் சிரிக்க ஆளிராது.

காரின் அமைப்பும் இதுவே. காலால் மிதிக்கும் மிதி, பட்டறையில் மாஸ்டர் சிலிண்டர் என்று வழங்கும் தலைமை உருளையை அழுத்துகின்றது. அங்கிருந்து மெல்லிய எஃகுக் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றோடு ஓடி நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கின்றன. சக்கரம் ஆடி அசையும் கடைசி முழத்தில் மட்டும் வளையும் ரப்பர்க் குழாய் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் இத்தகைய நீர்மப் பிரேக்கு வைத்து விற்பனைக்கு வந்த முதற் கார், 1921ஆம் ஆண்டின் டூசன்பர்க் மாடல் ஏ. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

குழாயினுள் எவ்வளவு அழுத்தம் எழுகின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். திடீரென்று நிறுத்தும்போது கால் 30 கிலோ விசையுடன் மிதிக்கின்றது என்று கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கி 120 கிலோ தருகின்றது. பொறியின் உறிஞ்சுவிசையால் இயங்கும் துணைக்கருவி அதனை மும்மடங்காக்கினால் 360 கிலோ. தலைமை உருளையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 72 கிலோ. கார்ச் சக்கரத்து டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டேகால் கிலோ அளவே. அதைப் போல முப்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை, 4.75 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு குழாய், ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்ச் சுவரால் தாங்குகின்றது. வங்கி அட்டையின் தடிப்பும் அவ்வளவே.

இவ்வளவு மெல்லிய சுவர் போதுமா என்று ஐயுற வேண்டா. வேண்டிய அளவுக்கு மேலேயே போதும். செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் செம்பை உருக்கி ஒட்டவைத்த குழாய் அது. புதிதாக இருக்கும்போது, மேற்சொன்ன அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கையும் தாங்கவல்லது. நாம் அஞ்ச வேண்டியது இந்த வலிமையைத்தான். எப்படியென்றால், சுவரில் பாதி துருவாகிப் போன பின்னும் குழாய் தன் வேலையைக் குறைவின்றிச் செய்யும். முக்கால் பங்கு போனபின்னும் செய்யும். மிதியில் மென்மை தோன்றாது. வண்டி நிற்கும் தொலைவு கூடாது. விளக்கு எதுவும் எரியாது. தேய்ந்த பிரேக்குக் கட்டையாவது கிறீச்சிட்டு அழும். குழாய் அழுவதில்லை. மேலும், நாள்தோறும் சந்தியில் நிறுத்துவதற்கு, அபாய காலத்தில் எழும் அழுத்தத்தில் மூன்றிலொரு பங்கும் வேண்டா. ஆகவே நைந்த குழாய் நூறு நாள் மெல்ல நிறுத்தும்போது தாங்கிவிட்டு, குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவரும் நொடியில், ஓட்டுபவர் முழு பலத்தோடு மிதிக்கும்போது, வெடிக்கின்றது. “நேற்றுவரை பிரேக்கு நன்றாகப் பிடித்ததே” என்று உரிமையாளர் சொல்வது பொய்யன்று. நேற்று நன்றாகப் பிடித்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது.

இனி உப்பின் செயலைக் காண்போம். சாலைப் பனியை உருக்கப் பெரும்பாலும் தூவுவது நாம் உண்ணும் உப்பின் இனமாகிய சோடியம் குளோரைடே. மிகுந்த குளிரில் அது சோர்ந்துவிடும் ஆதலின், மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றையும் கலந்து தெளிக்கின்றனர். சமையல் உப்பு நீர்த்துப்போகக் காற்றில் நூற்றுக்கு 75 அளவு ஈரப்பதம் வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 போதும். எனவே தெரு உலர்ந்து வெயில் அடிக்கும் நாளிலும் காரின் அடியில் ஒட்டிய சேறு ஈரமாகவே இருக்கும். குளோரைடு எஃகின் மேலுள்ள காப்புப் பூச்சில் ஊசிமுனையளவு பழுது கண்டால் அதன் வழியே புகுந்து குழி பறிக்கும். பறந்த வெளியில் ஓடும் குழாயைவிட, பிளாஸ்டிக் கவ்விகளின் அடியிலும், காப்பு மூடிகளின் உட்புறத்திலும், எரிபொருள் தொட்டியின் மேலும், பின் அச்சுச் சட்டத்தின் மேலும் செல்லும் குழாயே முதலிற் கெடுகின்றது. சேறு தங்குமிடம் அது. நீர் பாய்ச்சிக் கழுவினாலும் எட்டாத இடமும் அதுவே. காப்பதற்கென வைத்த மூடி நோயை வளர்க்கும் கூடாரமாவது இத்துறையில் அடிக்கடி காணும் முரண்பாடு.

இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சுபாரு நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உப்புத் தூவும் 20 அமெரிக்க மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் உள்ள தன் கார்களுள் ஏறத்தாழ 6,60,000 கார்களைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. எரிபொருள் தொட்டியின் காப்புமூடியில் உள்ள இடைவெளி வழியே உப்புநீர் தெறித்து, பிரேக்குக் குழாய்கள் அளவுமீறி அரிக்கப்படலாம். ஏழு பனிக்காலத்துக்கு மேல் கண்ட வண்டிகளில் நீர்மம் கசியலாம் என்பது காரணம். அப்பட்டியலில் 2008 முதல் 2014 வரையிலான இம்பிரீசா டபிள்யூஆர்எக்ஸ் வகையும் இருந்தது. பேரணிப் பந்தயங்களால் புகழ்பெற்ற இம்பிரீசாக் குடும்பத்தின் விரைவுக் கார் அது. 2009ஆம் ஆண்டு மாதிரி 265 குதிரைத்திறன் கொண்டது. புதிதாக வாங்கியவர்கள் பலர் விற்றுவிட்டார்கள். இன்று அவை இரண்டாம் மூன்றாம் கைமாறி, ஆர்வம் மிக்க இளைஞரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. வண்டி மூப்படைந்தது, ஓட்டுபவர் இளையவர். பொறியின் விசையைக் கூட்டுகின்றனர். துளையிட்ட தட்டும் விலையுயர்ந்த கட்டையும் மாட்டுகின்றனர். சக்கரத்தருகே ரப்பர்க் குழாயை எடுத்துவிட்டு எஃகிழை பின்னிய குழாயும் வைக்கின்றனர். அப்பளபளப்பான குழாய் போய்ச் சேருமிடமோ பதினைந்து ஆண்டு துருப்பிடித்த பழைய குழாயின் வாய்! விரைவுக் காரை வைத்திருப்பவரே மற்றவரினும் கடுமையாக மிதிப்பவர் என்பதால், இந்தக் கஞ்சத்தனம் அவருக்கே மிகவும் கேடு.

எல்லாக் காருக்கும் திரும்ப அழைக்கும் பேறு கிட்டவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999–2003 மாதிரிச் சரக்குந்துகளையும் பெருங்கார்களையும் பற்றி, சுமார் ஐம்பது லட்சம் வண்டிகள் அடங்கிய விசாரணையை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் பல ஆண்டு நடத்தியது. 2015 ஏப்பிரலில், இது செய்முறைக் குற்றமன்று, உப்பினால் ஆன தேய்மானமே என்று கூறி அதனை முடித்துவிட்டது. பழைய வண்டி வைத்திருப்போர் அடிப்பாகத்தைக் கழுவுக, குழாய்களைச் சோதிக்கச் செய்க என்பது அதன் அறிவுரை. அறிவுரை நன்றே. ஆனால் டெட்ராய்ட் அடங்கிய மிச்சிகன் மாநிலத்தில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுச் சோதனை என்பதே கிடையாது; யார் படுத்து அடியிற் பார்ப்பது? பிரிட்டனில் 1960 முதல் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. குழாய்ச் சுவரில் மூன்றிலொரு பங்கு, அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டர், அரிந்ததென்று கண்டால் அங்கே சோதகர் காரைத் தேறவிடமாட்டார். மூன்றில் இரண்டு பங்கு மீந்திருக்கும்போதே தள்ளிவிடுவது மிகையன்று. துரு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் அரிப்பது. மிக ஆழ்ந்த குழி எங்கே என்று எவராலும் சொல்ல இயலாது. பாசுக்கல் விதியின்படி அழுத்தமோ எங்கும் ஒன்றே. அது மிக மெலிந்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

நம் மலேசியாவில் பனியுமில்லை, சாலையில் உப்புமில்லை. இந்நோய் நமக்கு அயல். ஆயினும் மிதி அடிவரை இறங்கும்போது நெஞ்சு என்னவாகும் என்பதை நான் அறிவேன். ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் வாங்கிய பழைய கார் ஒன்று, தோட்டத்துச் செம்மண் சரிவில் இறங்கும்போது அவ்வாறு செய்தது. பின் சக்கர உருளையில் நைந்த ரப்பர் வளையமே காரணம். ரப்பர் மரங்களுக்கிடையே பிறந்து வளர்ந்தவனை ரப்பரே கைவிட்டது! முற்றும் கைவிடவில்லை. இக்காலக் கார்களில் தலைமை உருளை இரண்டு அறை கொண்டது; ஓர் அறை இரண்டு சக்கரத்துக்கும், மற்றது ஏனை இரண்டுக்கும் அழுத்தம் அனுப்பும். ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று பிடிக்கும். மிதி ஆழமாகச் செல்லும், வண்டி நெடுந்தொலைவு சென்றே நிற்கும், ஆனால் நிற்கும். நான் நின்றது ஒரு வடிகாலின் ஓரத்தில். அத்தொலைவு எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பதில்லை.

திருத்தும் முறைக்கு வருவோம். ஒரு முழம் துருவேறிய பகுதியை வெட்டி, புதுத் துண்டு வைத்து இணைப்பது மலிவு. பட்டறைக்காரர் பலர் அதையே சொல்வர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டிய இடத்துக்கு அடுத்த முழமும் அதே வயது, அதே உப்பைத் தின்றது. அடுத்த ஆண்டு அது ஒழுகும். நெருக்கு வளையம் வைத்து முறுக்கும் இணைப்பு வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஏற்றது; பிரேக்குக்கு ஆகவே ஆகாது. ரப்பர்த் துண்டைச் செருகிக் கம்பி கட்டுவது கொலைக்கு ஒப்பு. தலைமை உருளையிலிருந்து சக்கரம் வரை முழுக் குழாயையும் மாற்றுவதே தக்கது. பின்பக்கக் குழாய்க்காக எரிபொருள் தொட்டியை இறக்க நேரலாம், கூலி கூடும். மற்றக் குழாய்களையும் அப்போதே மாற்றிவிட்டால் அக்கூலி இருமுறை ஆகாது.

எவ்வுலோகம் நல்லது? எஃகே மலிவு, வலிது. ஆனால் மீண்டும் துருப்பிடிக்கும். தனிச் செம்பு வளைக்க எளிது. அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும் இயல்புடையது. நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கலும் சிறிது இரும்பும் சேர்ந்த செம்புக் கலவை ஒன்று உண்டு. கடல்நீர் ஓடும் கப்பற் குழாய்களில் நெடுங்காலம் பயன்பட்ட கலவை அது. உப்புக்கு அஞ்சாது, கையால் வளையும். சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம் 1976 முதலே இதனைத் தன் கார்களில் வைத்தது. பனிநாட்டார் பட்டறிவு அது. தமிழாசிரியர் ஒன்றை ஈண்டு உளங்கொள்ளலாம். நம் மொழி இரும்பில் படிவதைத் துரு என்றும் செம்பில் படிவதைக் களிம்பு என்றும் வேறு பிரித்தது. பெயரளவில் மட்டும் அன்று, செயலிலும் வேறுபாடு உண்டு. துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மேலும் மேலும் வெளிக்காட்டும். களிம்பு பெரும்பாலும் ஒட்டி நின்று உள்ளிருப்பதை மூடும். சைவ சித்தாந்த நூலார் செம்பிற் களிம்பை உவமை காட்டியதும் அது செம்பைவிட்டு நீங்காது ஒட்டியிருக்கும் இயல்பு பற்றியே.

பழைய குழாயைக் கழற்றும்போது நட்டு இறுகி உருண்டுபோகும். திறந்த வாய் ஸ்பேனரால் போராடுவதைவிட, குழாயை நட்டின் அருகே வெட்டிவிட்டு, நட்டு முழுவதையும் சூழ்ந்து பிடிக்கும் கருவியை மாட்டுவது நன்று. எப்படியும் எறியப்போகும் குழாய்தானே? ஆனால் பழைய குழாயை எறிந்துவிடலாகாது. புதியதை வளைக்க அதுவே அளவுகோல். குழாயின் வாயை விரித்து மடிப்பதில் இருவகை உண்டு. அமெரிக்க, ஜப்பானியக் கார்களில் 45 பாகையில் இரட்டை மடிப்பு; ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் குமிழ் போன்ற வாய். ஒன்றற்கு மற்றொன்றைப் பொருத்தினால் முதலில் இறுகியதுபோல் தோன்றிப் பின்பு ஒழுகும். வாயை மடிக்கும் முன்னே நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று எண்ணுவீர்கள். அழகாக வாயை மடித்துவிட்டு, மேசைமேல் கிடக்கும் நட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத தொழிலாளி இல்லை.

குழாய் மாற்றியபின் உள்ளே புகுந்த காற்றை நீக்க வேண்டும். நீர்மம் சுருங்காது, காற்று சுருங்கும். ஊசிக்குழலில் ஒரு குமிழியை விட்டுப் பார்த்தால் பிள்ளைகளே சொல்வார்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட, குமிழி வாராத வரையில் செய்க. பழைய காரில் மிதியை அடிவரை அழுத்தலாகாது. தலைமை உருளையில் நெடுநாள் பிஸ்டன் சென்றறியாத பகுதி கரடாயிருக்கும். ரப்பர் விளிம்பு அங்கே உரசிக் கிழியும். மிதியின் கீழ் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். சக்கரம் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதனை வெளியேற்றச் சில வண்டிகளில் கணினிக் கருவி வேண்டும். எனவே வேலை நடக்கும்போது நீர்மக் கலத்தை வறளவிடாமல் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

நீர்மத்தை நம்மவர் “பிரேக்கு எண்ணெய்” என்கின்றனர்; மலாய்மொழியிலும் மின்ஞாக் பிரேக் என்பர். அஃது எண்ணெய் அன்று. பெயரை நம்பி ஒருவர் பொறி எண்ணெயைச் சிறிது ஊற்றினாலும், உள்ளிருக்கும் ரப்பர்கள் ஊதிப் பெருத்து முழு அமைப்பும் கெடும். தவறான பெயர் தவறான செயலுக்கு வழிகாட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பிரேக்கு நீர்மம் என்று வழங்குவோமாக. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை, புதிதில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதித்தல் கூடாது என்பது விதி. ஈரம் கலந்தபின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். மலைச்சாலையில் தொடர்ந்து மிதிக்கும் விரைவுக் காருக்கு இவ்வேற்றுமை சிறிதன்று. திறந்து வைத்த பழைய புட்டியைப் பயன்படுத்தாமல் புதியதையே உடைக்க. வண்ணப்பூச்சின்மேல் சிந்தினால் உடனே நீரால் கழுவிவிடுக.

எல்லாம் முடிந்தபின், பொறியை ஓடவிட்டு, மிதியை வலிந்து அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகின்றது. இறங்காவிட்டாலும், இணைப்பு ஒவ்வொன்றையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் துடைத்து, தாள் நனைகின்றதா என்று பார்க்க. கலத்தில் நீர்மம் நிற்கும் அளவைக் கோடிட்டு வைத்து, மறுநாட் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே, திரும்பவும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் வெறிச்சோடிய சமவெளியில், நடைவேகத்தில் இருக்கட்டும்; பக்கத்தில் யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டா.